செவ்வாய் வியாழன், ஆறிலிருந்து ஒன்பது வரை

மளிகைக் கடையின் வண்டி நிறுத்தத்தில், கடைசி வரிசையில், பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு மார்லா உட்கார்ந்திருந்தாள். வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிட்டது. பாலும் ரொட்டியும், மாமனார் வால்ட்டுக்கு உப்புக் குறைந்த சூப் டப்பாக்களும் பின் இருக்கையில் இருந்தன. வீட்டுக்குப் போவது ஒன்றுதான் பாக்கி. தினமும் அந்த ஒன்றுக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

ஈரி ஏரிப் பக்கமிருந்து வந்த பனி, காரின் கண்ணாடியை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. வைப்பரை அவள் போடவில்லை. நாலு பக்கமும் வெள்ளையாகி, மங்கலான வெளிச்சம் மட்டும் மிஞ்சியபோது முட்டைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் இங்கே நிறுத்துவது.

கைபேசி அதிர்ந்தது. க்ளென்.

"புள்ளி இன்னும் கடையிலயே நிக்குது. வரிசை பெருசா?"

கணவன் மனைவி இருவர் கைபேசியிலும் மற்றவர் இருக்குமிடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் பனிப்புயலில் அவளுடைய கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நின்றபோது, பயந்துபோன க்ளென்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தான். அப்போது அவன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

"ஆமா, ஒரே ஒரு கவுண்டர்தான் தொறந்திருக்கு" என்று தட்டி அனுப்பினாள்.

அவளுடைய கணக்கில் அந்தக் கடையில் பெரும்பாலான நாட்கள் ஒரே ஒரு கவுண்டர்தான் திறந்திருந்தது. பெரிய பொய்கள் சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்தி, இந்தச் சின்னப் பொய்யை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம் என்று தன்னைத்தானே கொஞ்சம் வியந்து பார்த்தாள். பிறகு வைப்பரைப் போட்டாள். முட்டை உடைந்தது.

வீட்டில் க்ளென் வாசலிலேயே நின்றிருந்தான். போன வருடக் கடைசியில் தொழிற்சாலையில் ஓர் இரும்பு அச்சு சரிந்து விழுந்ததில் அவனுடைய வலது தோள் கிழிந்தது. இரண்டு முறை அறுத்துத் தைத்தும் அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. அதனால் இடது கையால் பைகளை வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தான். எதிர்வீட்டுக்காரன் பனி தள்ளும் இயந்திரம் வாங்கியது, தொலைக்காட்சியில் காட்டிய திமிங்கிலம், வால்ட் மதியம் மாத்திரையைத் துப்பியது. பகல் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சு. கேட்க வேறு ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோட்டைக் கழற்றும் முன்பே "அப்படியா?" என்றாள்.

வால்ட்டுக்குப் போன வருடமே பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் மேஜையை எடுத்துவிட்டு அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் கதவை மூடித் தாழ் போடக்கூடிய அறை குளியலறை ஒன்றுதான். அதன் கதவையும் யாராவது தட்டுவார்கள்.

"வக்கீலம்மா வந்தாச்சா?" என்று கட்டிலிலிருந்து வால்ட் குரல் கொடுத்தார்.

"நான் வக்கீல் இல்ல வால்ட். இன்னும் பாராலீகல்கூட இல்ல."

"சர்டிபிகேட் வந்தப்புறம் என் மேல முதல் கேஸ் போட்ருவா பாரு, இந்த சூப்பைத் தின்ன மாட்டேங்கறேன்னு."

க்ளென் சிரித்தான். மார்லாவும் சிரித்தாள். சிரிப்பதற்குக்கூடக் கொஞ்சம் பலம் தேவைப்படுகிறது என்பது இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

அந்தச் சர்டிபிகேட் பேச்சு இரண்டு வாரமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மார்லா வேலை பார்த்த ஹாஸ்கல் வக்கீல் அலுவலகத்தில் வக்கீலுக்கு உதவியாக வழக்கு வேலை பார்க்கும் பாராலீகல் பெர்னடெட், வருகிற கோடை போய் அதற்கடுத்த கோடையில் ஓய்வு பெறுகிறாள். வாதாடுவதும் கையெழுத்துப் போடுவதும் ஆலோசனை சொல்வதும் வக்கீலுடையவை. மற்ற வேலையில் முக்கால்வாசி பெர்னடெட்டுடையது. மார்லா முன் மேஜைக்காரி. தொலைபேசி, கடிதம், வருகிறவர்களுக்குக் காபி. "அந்த இடத்துக்கு உன்னை யோசிக்கலாம் மார்லா. சர்டிபிகேட்டை முடி, பேசுவோம்" என்று ஹாஸ்கல் ஒரு நாள் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். சமுதாயக் கல்லூரியில் ஒன்றரை வருடப் படிப்பு, மாலை வகுப்பு. புத்தகங்களோடு சேர்த்து ஐயாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்.

மறுநாள் மதியம் அலுவலகச் சமையல் மூலையில் பெர்னடெட் தன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"என்ன கண்ணு, முடிவு பண்ணியாச்சா?"

"கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

"நான் வேலைக்குச் சேந்தப்ப எங்கிட்ட இருந்த ஒரே சர்டிபிகேட் ஞானஸ்நானச் சர்டிபிகேட்தான். அதையும் யாரும் கேக்கல."

"இப்ப மட்டும் ஏன் கேக்கறாங்க?"

"ஹாஸ்கல் கேக்கல. நம்ம பில்லுக்குப் பணம் கட்டற இன்சூரன்ஸ் கம்பெனி கேக்குது. பாராலீகல்னு போட்டு மணிக்கணக்கு எழுதினா, அந்த அம்மா எங்க படிச்சாங்கறான். படிக்கலைன்னா அந்த மணிக்குக் காசு கிடையாது." ஊறுகாய் வெள்ளரித் துண்டு ஒன்றைக் கடித்தாள். "உனக்கு மணிக்கு ரெண்டு டாலர் கூட்டுவாரு. வரி போனா ஒண்ணரை. போட்ட காசு திரும்பவே இன்னையிலேருந்து மூணு வருஷம் ஆகும். அதுவும் ஹாஸ்கல் சொன்னதை மறக்காம இருந்தா. உன் முதுகு ஒடியாம இருந்தா."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு?"

"ரெண்டு டாலருக்குத்தான்."

பெர்னடெட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "ரெண்டு டாலருக்கு யாரும் இப்படி மூஞ்சியை வச்சுக்க மாட்டாங்க. புதுசா கல்யாணம் நிச்சயமானவ மாதிரி இருக்கே."

மார்லாவுக்குக் கன்னம் சுட்டது. எழுந்து காபிக் குவளையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய குவளை.

தன் மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து ஹாஸ்கலின் அறைக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. அந்தக் கதவு மூடியிருந்தால் யாரும் தட்ட மாட்டார்கள். உள்ளே நேரம் விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. ஆறு ஆறு நிமிடமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் யாரோ ஒருவர் பெயரில் எழுதுவார்கள். பெர்னடெட்டின் நேரத்தையும் அப்படித்தான் எழுதுவார்கள், கொஞ்சம் மலிவான விலையில். மார்லாவின் நேரத்தை எந்தப் பில்லிலும் எழுதுவதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் வந்து அதில் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். தபால்காரர் தன் மூட்டுவலியைச் சொல்வார். கட்சிக்காரர்கள் தங்கள் மாமியார்களைப் பற்றிச் சொல்வார்கள். வீட்டிலும் அதேதான். அவள் பொதுக் குழாய்.

கல்லூரி அனுப்பிய தாளை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். அதில் என்னென்ன பாடம், எந்தச் சங்கத்தின் அங்கீகாரம் என்பதெல்லாம் இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரியைத்தான் படித்தாள். செவ்வாய், வியாழன், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை.

மூன்று மணி நேரம். யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும், வகுப்பில் இருந்தேன் என்று சொல்லலாம்.

இப்படி ஓர் எண்ணம் தனக்குள் இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. படிப்பில் ஆசை என்றால் சொல்லிக்கொள்ளலாம். சம்பளத்துக்காக என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வாரத்தில் ஆறு மணி நேரம், என்னை நேசிக்கிற இரண்டு பேரின் கண்ணில் படாமல் இருப்பதற்காக ஐயாயிரம் டாலர் கட்டப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? க்ளென் குடிப்பவன் இல்லை, கை நீட்டுபவன் இல்லை. அவள் வந்ததும் அவன் முகத்தில் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் நின்று நின்றுதான் அவளுக்குக் கண் கூசுகிறது.

நன்றி நவிலும் நாளின் வான்கோழி விருந்து முடிந்த அந்த வாரச் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் திறந்தது. பென்சில்வேனியாவில் அன்று பாதி ஊர் காலியாகிவிடும். க்ளெனின் அண்ணன்மார் இருவரும் முந்தின நாளே வடக்குக் காட்டில் இருக்கும் கேபினுக்குப் போய்விட்டார்கள். வால்ட் இளவயதில் நண்பர்களோடு கூட்டாக வாங்கிய மரவீடு அது. பதினாறு வயதிலிருந்து க்ளென் போகாத வருடம் கிடையாது. ஒரு வாரம். அந்த வாரத்தில் பிரசவம் வந்தால்கூடப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. இந்த வருடம் துப்பாக்கியைத் தூக்கத் தோள் இல்லை. க்ளென் போகவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அன்று காலை மார்லா துணிகளை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினாள். வாசலில் க்ளென் இல்லை. அதுவே வித்தியாசமாக இருந்தது.

"கண்ணை மூடு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"க்ளென், கையில துணி மூட்டை இருக்கு."

"மூட்டையோட மூடு."

கண்ணைத் திறந்தபோது, குளிர்பெட்டிக்குப் பக்கத்து மூலையில் ஒரு மேஜை இருந்தது. கார் ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டிருந்த பழைய மேஜை. துடைத்து, கால்களை இறுக்கி, மேலே ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். நாற்காலியில் வால்ட்டின் சொந்தத் தலையணை. மேஜை நடுவில் க்ளெனின் மடிக்கணினி திறந்திருந்தது.

"நாங்க ரெண்டு பேருமா தூக்கிட்டு வந்தோம்" என்றார் வால்ட். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, பெருமையாக நின்றார். "அவனோட எடது கை, என்னோட வலது கை. ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளு."

"கதவுல மாட்டிக்கிட்டு இவரு கத்தின கத்தல்ல எதிர்வீட்டுக்காரன் ஓடி வந்துட்டான்" என்றான் க்ளென். "சரி, இதைப் பாரு. அதே காலேஜ், அதே சர்டிபிகேட், அதே அங்கீகாரம். ஆன்லைன்! ரெண்டாயிரம் டாலர் மிச்சம். பெட்ரோல் மிச்சம். பனியில நீ வண்டி ஓட்ட வேண்டாம். வகுப்பை எப்ப வேணா பாத்துக்கலாம், நடுவுல நிறுத்திக்கலாம். புதன்கிழமை காலேஜ் ஆபீசுக்கே போன் பண்ணிக் கேட்டேன். ராத்திரி பூரா கணக்குப் போட்டேன் மார்லா, மூணு வருஷம் இல்ல, ரெண்டரை வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். நீ வீட்டை விட்டே போக வேண்டாம்!"

அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. தோளில் வலி இருக்கும்போது அவனுடைய மேலுதடு வியர்க்கும். இப்போது வியர்த்திருந்தது. அந்த மேஜையைத் தூக்கியதில் வந்த வலி.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் மார்லா. "நன்றி. ரெண்டு பேருக்கும்."

துணி மூட்டையை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மணல் கொட்டி நிரப்பியது போல இருந்தது. நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்றானே, அந்த வார்த்தையைத்தான் மனம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தது. நடுவில் நிறுத்தி சூப்பைச் சூடுபண்ணலாம். நடுவில் நிறுத்தி திமிங்கிலத்தைப் பார்க்கலாம்.

"மார்லா? எல்லாம் சரியா?" என்று கீழேயிருந்து க்ளென் கேட்டான்.

"சரிதான்."

சாப்பிடும்போது அவனுடைய கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கேபினின் உட்புறம், அடுக்குக் கட்டில், மேல்தட்டு காலி. கீழே அண்ணன் எழுதியிருந்தான், 'உன் கட்டில்ல எலி படுத்திருக்கு. சீக்கிரம் வா.' க்ளென் அதை மார்லாவிடம் காட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலால் பெரிதாக்கி, ஜன்னலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மார்லாவின் வாயிலிருந்து அது வந்தது.

"எதுக்கு க்ளென் அங்க போவ?"

"எதுக்குன்னா? மானுக்கு."

"கடைசியா எப்ப மான் கொண்டு வந்த?"

"போன தடவை மழை. அதுக்கு முந்தின தடவை..."

"ஆறு வருஷம் ஆச்சுடா" என்றார் வால்ட், ரொட்டியை மென்றுகொண்டே. "அதுக்கு முன்னாடி கொண்டு வந்தது மானே இல்ல, காது நீண்ட நாய்."

"லைசென்ஸ், தோட்டா, பெட்ரோல், கேபின் பங்கு" என்றாள் மார்லா. "கறி பவுண்டு என்ன விலை விழுந்திருக்கும்? என்னைக்காவது நான் கேட்டிருக்கேனா?"

"கேட்டதில்ல." அவன் கரண்டியை வைத்தான். "இப்ப ஏன் கேக்கற?"

"நம்ம பின்பக்கத் தோட்டத்துக்கே மான் வருது. வேலிச் செடியெல்லாம் மொட்டையடிச்சுட்டுப் போகுது. சமையலறை ஜன்னல்லருந்து சுட்டா போதாதா? பெட்ரோல் மிச்சம். பனியில வண்டி ஓட்ட வேண்டாம். எப்ப வேணா சுடலாம், நடுவுல நிறுத்திக்கலாம்."

வால்ட் வாய்விட்டுச் சிரித்தார். "ஊருக்குள்ள சுட்டா உள்ள போட்ருவான்! பரவால்ல, வீட்டுலதான் வக்கீலம்மா இருக்காளே." பிறகு ரொட்டியின் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார், "மானுக்கா அங்க போறோம்? சீட்டாடுவோம், பீன்ஸ் தின்போம், குளிக்க மாட்டோம். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்கம்மா போனப்புறம் அந்த ஒரு வாரம் இல்லைன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்."

வால்ட் தன் ரொட்டியைத் தின்றார். தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்ததா என்பது மார்லாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

"அது வேற" என்றான் க்ளென், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

"என்ன வேற?"

அவன் மூலையில் இருந்த மேஜையைப் பார்த்தான். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ அணைவதை அவள் பார்த்தாள்.

"கடையில ஒரே ஒரு கவுண்டர்தான் தொறந்திருக்கும்னு சொல்லுவியே" என்றான்.

மார்லா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் உன்னை அவ்வளவா பாடாப் படுத்தறேன்?"

இல்லை என்ற சொல் உதட்டுக்கு வந்துவிட்டது, கவுண்டர் பொய்யைப் போலவே சுலபமாக. அதை விழுங்குவதற்குத்தான் நேரம் பிடித்தது.

"நீ படுத்தல. நீ நல்லவன். இவரும் நல்லவரு. அதான் கஷ்டம். கெட்டவங்களா இருந்தா கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போயிருப்பேன்." குரல் உடையும் என்று எதிர்பார்த்தாள். உடையவில்லை, வெறுமனே களைத்திருந்தது. "காலையில ஆபீசுல எல்லாரும் எங்கிட்ட ஏதாவது கேக்கறாங்க. சாயங்காலம் இங்க. எனக்குன்னு ஒரு இடம் இல்ல க்ளென். காருதான் இருக்கு."

"அப்ப சும்மா போயேன். செவ்வாக்கிழமை ஏதாவது காபிக் கடையில போய் உக்காரு. மூணு டாலர். அதுக்கு எதுக்கு ஐயாயிரம்?"

அவளும் இதை யோசித்திருந்தாள். காருக்குள், முட்டைக்குள், பலமுறை.

"மொத வாரம் போவேன். ரெண்டாவது வாரம் இவருக்கு மாத்திரை வாங்கணும். மூணாவது வாரம் பனி. நாலாவது வாரம் நீ வாசல்ல நின்னு, இன்னைக்கும் போகணுமான்னு கேப்ப. கேக்கக்கூட வேண்டாம், பாப்ப. நான் உக்காந்துருவேன். சும்மா போறதுக்கு இந்த வீட்டுல நேரம் கிடையாது. காசு கட்டினாத்தான் நீங்க விடுவீங்க. காசு கட்டினாத்தான் நானே என்னை விடுவேன்."

"படிக்கிறதுல உனக்கு ஆசையே இல்லையா?"

"தெரியல. படிச்சா வரலாம்."

க்ளென் எழுந்தான். கோட்டை மாட்டிக்கொள்ள முயன்றான். வலது கை உள்ளே நுழைய மறுத்தது. அவள் எழுந்து உதவப் போனாள். "வேணாம்" என்றான். ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மறுபக்கம் காலியாகத் தொங்க, பின்கதவைத் திறந்து வெளியே போனான். ஜன்னல் வழியே அவன் வேலியோரம் நிற்பது தெரிந்தது. மொட்டையடித்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த விளக்கை அணைச்சுடு பொண்ணே" என்றார் வால்ட். "கரண்டு காசு."

அடுத்த மூன்று நாளும் க்ளென் மரியாதையாக இருந்தான். பைகளை வாங்கிக்கொண்டான். திமிங்கிலங்களைப் பற்றிப் பேசவில்லை. கைபேசியில் புள்ளியைப் பற்றி ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். பனி விழுந்தது. கண்ணாடி மூடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. அந்த அமைதியில் க்ளென் அவளுக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. சீக்கிரமே வைப்பரைப் போட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வழி முழுக்க, தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்தாள். திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியதாக எதுவும் அதில் இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது. மன்னிப்புக் கேட்டுப் பழகிய ஒருத்திக்கு, கேட்க எதுவும் இல்லாமல் போவது ஒரு விதமான அனாதைத்தனம்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கல்லூரிக்குப் போனாள். சேர்க்கை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கிறிஸ்துமஸ் மான்கள் வரிசையாகப் பின்னிய ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாராலீகல் சர்டிபிகேட்டா? மாலை வகுப்பா?" தட்டச்சு செய்துகொண்டே தலையைத் தூக்கினாள். "இதே படிப்பு ஆன்லைன்ல இருக்கு, தெரியுமில்ல? ரெண்டாயிரம் குறையும். போன வாரம்கூட ஒருத்தர் போன் பண்ணித் துருவித் துருவிக் கேட்டாரு. மனைவிக்காகவாம். பாவம், ரொம்ப அக்கறையான மனுஷன்."

"ஆமா" என்றாள் மார்லா. "அக்கறையானவருதான்."

"அப்ப ஆன்லைன் வேண்டாமா?"

"வேண்டாம்."

அந்தப் பெண் ஒரு கணம் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. "தவணையா, முழுசாவா?"

"தவணை."

"வண்டி நிறுத்த பாஸ் வேணுமா? அது தனிக் காசு."

"அதுவும் குடுங்க."

புது டயருக்கென்று வைத்திருந்த பணத்தில் முதல் தவணை போனது. ரசீதைக் கையில் வாங்கியபோது சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். பல் பிடுங்கியபின் வருகிற அந்த மரத்த உணர்வுதான் வந்தது. வகுப்பறை இரண்டாம் மாடி, இடது பக்கம் கடைசி என்று அந்தப் பெண் சொன்னாள். மார்லா படியேறிப் போய்ப் பார்த்தாள். சாதாரண அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி அழித்த வெள்ளைப் பலகை, யாரோ விட்டுப்போன ஒரு கையுறை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவள் நுழைந்தபோது திறந்த கதவு, மேலே இருந்த இரும்புக் கையால் மெல்ல மெல்ல இழுபட்டு, தானாகவே வந்து மூடிக்கொண்டது.

ஒன்றரை வருடம். நாள் முழுக்க உழைத்துவிட்டு இங்கே வந்து உட்கார வேண்டும். தூக்கம் வரும். ஒப்பந்தச் சட்டம் தலைக்கு மேலே போகும். தேர்வில் தவறினால் க்ளென் ஒன்றும் சொல்ல மாட்டான். அந்த ஒன்றும் சொல்லாமை எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். ஹாஸ்கல் சொன்னதை மறந்தும் போகலாம்.

கைபேசி அதிர்ந்தது.

"புள்ளி காலேஜ்ல நிக்குது."

அவள் திரையையே பார்த்தாள். கவுண்டர் பற்றி எழுத எதுவும் இல்லை. "ஆமா. சேந்துட்டேன்" என்று அனுப்பினாள்.

பதில் வர நேரமானது. ஒற்றை இடது கையால் தட்டச்சு செய்பவனுடைய நேரம்.

"மேஜையை என்ன பண்றது? மறுபடி தூக்க அப்பா மாட்டேங்கறாரு."

"அங்கயே இருக்கட்டும். சீட்டாடுங்க."

மறுபடி நேரமானது. பிறகு: "செவ்வாக்கிழமை சூப் யாரு சூடு பண்றது?"

மார்லா அதற்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். எந்த டப்பா, எவ்வளவு தண்ணீர், சின்னப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று பாதி வரை எழுதினாள். பிறகு எழுதியதை அழித்தாள். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள். அலுவலகத்துக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கோட்டின் பொத்தானைக் கழற்றி, நாற்காலியோடு சேர்ந்த எழுத்துப் பலகையில் கைகளை மடக்கி, அதன் மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

யாரும் கதவைத் தட்டவில்லை.